பதினெட்டு மீட்டர் பின்னால் ஒரு கோடு

எங்கள் ஊர் மைதானத்துக்கு ஓட வருகிறவர்கள், ஓடுவதற்கு முன்னால் குனிந்து, தரையில் இருக்கும் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். யாரும் அதை மிதிக்க மாட்டார்கள். மாதத்தில் ஒரு நாள் அதன்மேல் கற்பூரம் எரியும். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், இங்கே என்ன சாமி, தேங்காய் எங்கே உடைப்பது என்று கேட்டதும் உண்டு.

சாமி இல்லை. அந்தக் கோட்டைப் போட்டவன் என் பக்கத்து வீட்டுப் பையன். ராணுவத்தில் இருந்தான். எல்லையில் நடந்த சண்டையில் இறந்துபோனான். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. வீட்டில் மனைவியும், இரண்டு வயதுப் பெண் குழந்தையும், நெல் பயிரிடுகிற அப்பாவும் இருந்தார்கள்.

இந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது தப்பான இடத்தில் இருந்தது. முதலில் கண்டுபிடித்தவள் நான். கண்டுபிடித்து மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தவளும் நான்தான்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், லாரிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அளவு பார்க்கிற வேலை. பத்தாவதில் கணக்கில் தவறியவள் நான். மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கே மெஷின் பக்கத்தில் நின்றுதான். என் முதல் சூப்பர்வைசர் சொல்வார்: "கண்ணு பொய் சொல்லும், கை பொய் சொல்லும். அளக்காம கையெழுத்து போட்டீன்னா ஊட்டுக்கு போயிடு." இப்படி யாராவது நறுக்கென்று ஒன்று சொன்னால் ஷிப்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்துக்கொள்வேன். அந்தப் பக்கங்களில் பாதிக்குமேல் பக்கத்து வீட்டுப் பையன் சொன்னவைதான் இருக்கும். அப்படி ஒரு வாய் அவனுக்கு.

ராணுவத்தில் சேர்வதற்காக அவன் ஓடிப் பழகியது ரோட்டில். எங்கள் ரோடு எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெள்ளைக் கோட்டுக்கும் முள்ளுக்கும் நடுவில் ஒரு முழ இடத்தில் அவன் ஓடுவான். "பயமா இல்லியாடா?" என்றால், "மத்தவனுக்கு கோச்சு விசில் அடிப்பான், எனக்கு லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான் கா, இன்னும் ஸ்பீடா ஓடுவேன்" என்பான். அவனோடு ஓடிய ஒருவனை ஒரு விடியற்காலையில் லாரி உரசி, கால் முறிந்தது. அதன் பிறகு அவன் அந்த வேடிக்கைப் பேச்சைப் பேசவில்லை.

வேலை கிடைத்துப் போனவன், முதல் லீவில் வந்ததும் செய்த காரியம், ஏரிக்குப் பின்னால் இருந்த புறம்போக்கில் சீமைக் கருவேல முள்ளை வெட்டியது. லீவுக்கு வந்தால் மற்றவர்கள் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போவார்கள். இவன் கத்தியும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போவான். நாலைந்து வருஷ லீவுகளில் அந்த முள்காடு மைதானமானது. ஊர்ப் பிள்ளைகள் ரோட்டை விட்டு அங்கே வந்தார்கள்.

கடைசிக்கு முந்தின லீவில்தான் கோடு போட்டான். அன்றைக்கு நான் பார்த்தேன். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறேன். மைதானத்தில் இவன் ஒன்றரை வயதுப் பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு வட்டமாக நடக்கிறான். பாப்பா அவன் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவன் மனைவி ஒரு கட்டு முளைக்குச்சியோடு.

"இன்னாடா, பாப்பாவுக்கு ஊர்வலமா?"

"முந்நூத்தி பத்து... பேசாத கா... முந்நூத்தி பதினொண்ணு... வுட்டா மறுபடி மொதல்லருந்து வரணும்."

"எறக்கி வுட்டுட்டு நடயேன்."

"எறக்கினா அழுவுறா... முந்நூத்தி பதினஞ்சு..."

தைலமரக் கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்நூற்று இருபத்தைந்து என்று கத்திவிட்டு நின்றான். அந்த இடத்தில்தான் ஓட்டத்தை ஆரம்பிக்கவும் முடிக்கவும் கோடு கிழித்தான்.

"டேப்பு வெச்சி அளக்கக் கூடாதாடா?"

"ராணுவத்துல ஒரு காலடி முப்பது அங்குலம் கா. தூக்கத்துல கூட மாறாது. ஐநூத்தி இருவத்தஞ்சு காலடி வெச்சா கரெக்டா நானூறு மீட்டர். டேப்பு இன்னாத்துக்கு? கால்தான் டேப்பு."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவன் உடல் வந்த நாளைப் பற்றி நான் நிறையச் சொல்லப்போவதில்லை. கொடி போர்த்தி வந்தான். வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். தெரு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பேனர். ஒவ்வொன்றிலும் இவன் முகம் ஒரு மூலையில் சின்னதாக, அஞ்சலி செலுத்துகிறவர்களின் முகங்கள் பெரிது பெரிதாக. எங்கள் தெருவில் இட்லி சுடுகிற அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே சொன்னாள்: "செத்த புள்ள மூஞ்சி தபால்தல சைசு, வந்தவங்க மூஞ்சி தாம்பாளம் சைசு. கும்புடறதுக்கு தேட வேண்டியிருக்குது." அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

மழைக்கு முன்னால் பேனரெல்லாம் கிழிந்துபோயிற்று. மிஞ்சியது மைதானத்தில் இருந்த கோடு. அவன் அப்பா, எனக்குச் சித்தப்பா முறை, மாதாமாதம் மகன் இறந்த தேதியில் அங்கே போய்ச் சுண்ணாம்பைக் கரைத்து அந்தக் கோட்டின்மேல் புதிதாக ஊற்றிவிட்டு, ஒரு கற்பூரம் ஏற்றிவைப்பார். நாளடைவில் ஓடுகிறவர்களும் அதைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

அவன் மனைவி எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்ந்தாள். பஸ்ஸில் என் பக்கத்து சீட். ஒரு நாள் திடீரென்று, "அக்கா, நான் போலீஸ் செலக்‌ஷனுக்கு எழுதிக்கிறேன்" என்றாள்.

"இன்னாத்துக்குடி? சர்க்கார் ஆபீஸ் வேலைக்குத்தான் காகிதம் போய்க்கினு இருக்குதே?"

"அது அவரு பேர சொல்லி குடுக்கற நாற்காலி. வேணாங்கல. ஆனா எனக்கு யூனிபார்ம் வேணும்."

பாப்பாவின் பள்ளிக்கூட விழாவில் நடந்ததை அப்போதுதான் சொன்னாள். மாறுவேடப் போட்டியில் ஒரு பையனுக்கு ராணுவ உடுப்புப் போட்டு மேடையேற்றியிருக்கிறார்கள். பாப்பா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "போவாத, போவாத" என்று கத்தியிருக்கிறாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் விலக்க வேண்டியிருந்ததாம். கம்பெனி வாசலில் நிற்கிற செக்யூரிட்டியைப் பார்த்தாலும் அவளுக்கு முகம் மாறிவிடுகிறது. உடுப்புப் போட்டவர்கள் போய்விடுவார்கள் என்பதுதான் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தது.

"யூனிபார்ம் போட்டுக்கினு போறவங்க சாயங்காலம் ஊட்டுக்கு வருவாங்கன்னு அவ பாக்கணும்கா. ஒரு நாள் பாத்தா பத்தாது. தெனம் பாக்கணும்."

எழுத்துத் தேர்வில் தேறினாள். அடுத்தது திருவள்ளூரில் ஓட்டம். நானூறு மீட்டரைக் கொடுத்த நேரத்துக்குள் ஓட வேண்டும். வயது வரம்புக்கு அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். தவறினால் இன்னொரு தடவை கிடையாது.

தினமும் ஷிப்ட் முடிந்ததும் மைதானம். அவள் ஓடுவாள், நான் செல்போனில் நேரம் பிடிப்பேன், பாப்பா ஓரத்தில் மண்ணில் விளையாடுவாள். ஆரம்பத்தில் அரைச் சுற்றிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். இரண்டு மாதத்தில் கெடு நேரத்துக்கு மூன்று நொடி முன்பாகவே கோட்டைத் தொட்டாள். மறுநாள் கம்பெனி பஸ் முழுக்க அவள் ஜிலேபி கொடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் கல் வந்தது. ஊர் இளைஞர்கள் சேர்ந்து மைதானத்தில் நினைவுக்கல் வைப்பதாக முடிவு. முன்னின்று செய்தவன் அவனிடம் ஓடப் பழகிய ஒருவன். ராணுவத் தேர்வுக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் சில நொடிகளில் தவறி, இப்போது எங்கள் கம்பெனியில் லோடு ஏற்றுகிறான். பெயர், பிறப்பு, இறப்பு எல்லாம் எழுதி, கீழே "இந்த 400 மீட்டர் ஓடுதளத்தை அமைத்தவர்" என்று போட்டு என்னிடம் கொண்டுவந்தான்.

"எழுத்துல தப்பு இருந்தா பாத்து சொல்லுக்கா. நாளைக்கி கல்லு வெட்டறவர் கிட்ட குடுக்கணும்."

எழுத்தில் தப்பில்லை. ஆனால் அந்த 400 என்ற எண்ணைப் பார்த்ததும் என் சூப்பர்வைசர் காதில் பேசிவிட்டார். அளக்காமல் கையெழுத்துப் போடாதே. கம்பெனி ஸ்டோரில் எழுதிக் கொடுத்து ஐம்பது மீட்டர் டேப்பை வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயிலுக்கு யாரும் வராத நேரத்தில், அந்தப் பையன் ஒரு முனையைப் பிடிக்க நான் மறுமுனையைப் பிடித்து, வளைவில் துண்டு துண்டாக வைத்துச் சுற்றி வந்தோம்.

முந்நூற்று எண்பத்திரண்டு.

வளைவில் தப்பு விட்டிருப்போம் என்று மறுபடி அளந்தோம். அதே எண். மூன்றாம் முறை, அவன் இருந்த முனைக்கு நான் போய், என் முனையை அவனிடம் கொடுத்து அளந்தோம். மூன்று தடவை அதே எண் வந்தால் தப்பு அளக்கிறவரிடம் இல்லை. அது எங்கள் வேலையில் பாலபாடம். பதினெட்டு மீட்டர் குறைச்சல்.

பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ராணுவத்துக்கு நாலு சுற்று ஓட வேண்டும். ஒரு சுற்றுக்குப் பதினெட்டு என்றால் நாலு சுற்றுக்கு எழுபத்திரண்டு. இங்கே நேரத்துக்குள் வந்தவன் அங்கே ஏன் தவறினான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"அக்கா, இத வெளிய சொல்லாத. அண்ணன் பேரு கெட்டுப்பூடும்."

"உனுக்கு கோவமா இல்லியாடா?"

"எனக்கு ஓடற காலு இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பரவால்ல, அப்படியே நெனச்சிக்கினு போறேன். நீ சொல்லாத."

நான் சரியென்றேன். அதுதான் நான் செய்த தப்பு. மூன்று நாள் சும்மா இருந்தேன். மூன்று நாளும் அவள் ஓடினாள், நான் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னிக்கும் மூணு செகண்டு மிச்சம்கா!" என்று மூச்சிரைக்கச் சிரித்தாள். விடுபட்ட அந்தப் பதினெட்டு மீட்டரை ஓட அவளுக்கு ஐந்து நொடியாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். தேர்வுக்கு இருபத்தாறு நாள் இருந்தது, இருபத்தைந்தானது, இருபத்து நாலானது. இறந்தவனுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறவளைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் அவள் ஷூவின் கயிற்றைக் கட்டும்போது சொல்லிவிட்டேன்.

கயிற்றைக் கட்டி முடித்தாள். நிமிர்ந்தாள். "எத்தினி மீட்டர்?"

"பதினெட்டு."

"உனுக்கு எப்பலேந்து தெரியும்?"

"ஞாயித்துக்கெழமலேந்து."

"மூணு நாள வீணாக்கிட்டியேக்கா!" அவ்வளவுதான் திட்டினாள். எழுந்து கோட்டுக்குப் பின்பக்கமாக நடந்து போனாள். "எங்க வரைக்கும்? இங்கியா? இன்னும் தள்ளியா? டேப்ப எடுத்துக்கினு வா."

"மொதல்ல உன் மாமனார் கிட்ட சொல்லணும்டி."

"சொல்லிடலாம். அவரும் தெரிஞ்சிக்கட்டும்."

சித்தப்பாவைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. மகன் இறந்த தேதி அன்றைக்குத்தான். கையில் சுண்ணாம்பு வாளியோடு வந்துகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு வாளியைக் கீழே வைத்தார்.

"எம்புள்ள போட்ட கோட்ட உன்ன யாரும்மா அளக்க சொன்னது?"

"கல்லுல தப்பா எழுதிடக்கூடாதுன்னு சித்தப்பா..."

"அப்ப கல்ல மாத்து. முந்நூத்தி எம்பத்திரண்டுன்னு போடு. எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல."

"திருவள்ளூர்ல எனக்குன்னு முந்நூத்தி எம்பத்திரண்டு வெச்சிருக்க மாட்டாங்க மாமா," என்றாள் மருமகள்.

"உனுக்கு ஓடணும்னா ரோட்ல ஓடு. அளந்துக்கினு ஓடு. இத தொடாத."

"ரோட்ல யாரும் ஓடக்கூடாதுன்னுதான் மாமா அவரு இத போட்டாரு."

கிழவர் அதோடு விடுகிறவர் இல்லை. பத்து ஏக்கர் நிலத்தைக் காலால் நடந்தே அளந்து சண்டை தீர்த்தவர். "ராணுவக்காரன் காலடி எப்படி கொறையும்? எனக்கே கொறையாது. அவனுக்கு கொறையுமா?"

அவள் பாப்பாவைக் காட்டினாள். "தோள்ல இவ இருந்தா மாமா."

எனக்குச் சட்டென்று எல்லாம் கண்ணில் வந்தது. முடியைப் பிடித்த இரண்டு கைகள். எறக்கினா அழுவுறா. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அளவு பார்க்கிறவள் என்று சம்பளம் வாங்குகிற நானே அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"புள்ளைய தூக்கினா காலடி கொறைஞ்சிடுமா? நான் நெல்லு மூட்டையே தூக்கிக்கினு நடந்தவன். பாக்கலாம் வா," என்றார்.

முதலில் வெறுமனே பத்து காலடி நடந்தார். நான் கல் வைத்து அடையாளம் செய்தேன். பிறகு பாப்பாவைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அவளுக்கு நாலு வயதாகியிருந்தது. இவருக்கு அறுபதை ஒட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு, மகன் மானமே அந்தக் காலடியில் இருப்பதுபோல எட்டி எட்டி வைத்தார். நாலைந்து காலடி அப்படித்தான் போயிற்று. மேலே இருந்தவள் ஒரு பக்கம் சாய்ந்தாள்.

"தாத்தா, ஆட்டாத! வுழுந்துடுவேன்!"

அவர் கை தானாக மேலே போய் அவள் காலைப் பிடித்தது. முதுகு கொஞ்சம் குனிந்தது. அதன் பிறகு வைத்த காலடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் பூப்போல விழுந்தது. பத்து முடிந்தபோது கல்லுக்கு முக்கால் சாண் முன்னாலேயே நின்றிருந்தார்.

"பாதி நடை பெருசா வெச்சிட்டியே சித்தப்பா. மறுபடி வர்றியா?"

அவர் திரும்பிப் போய், இந்த முறை ஆரம்பத்திலிருந்தே அவள் காலைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக நடந்தார். ஒன்றரைச் சாண் குறைந்தது. காலடிக்கு இரண்டு விரல். அந்த இரண்டு விரலை ஐந்நூற்று இருபத்தைந்து தடவை அடுக்கிப் பாருங்கள், பதினெட்டு மீட்டர் வரும். மனக்கணக்காகப் போட்டு நான் சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. பாப்பாவைக் கீழே இறக்காமல் அப்படியே நின்றிருந்தார்.

"இவள கீழ போட்டுடக்கூடாதுன்னு நடந்திருக்கான்," என்றார்.

"ஆமா மாமா."

"அது தப்பில்ல."

"தப்பே இல்ல மாமா. ஆனா கோடு பின்னால போவணும்."

அவள் குரலில் தழுதழுப்பு இல்லை. அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும் என்பது மாதிரிதான் சொன்னாள். "அவர நம்பி எத்தினி பேரு இங்க ஓடிட்டு போய் அங்க தோத்துட்டு வந்தாங்களோ. அவரு இருந்திருந்தா இந்நேரம் அளந்து முடிச்சிருப்பாரு. நாம கும்புட்டுக்கினு நிக்கிறோம்."

கிழவர் வாளியைத் தூக்கினார். "பழச அழிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"யாரு அழிக்கறாங்க? அங்கதான மாமா ஓடி முடிக்கணும்?"

டேப்பைப் பிடித்தோம். பழைய கோட்டுக்குப் பதினெட்டு மீட்டர் பின்னால், அவரே சுண்ணாம்பை ஊற்றிப் புதுக் கோடு போட்டார். இன்னும் பின்னால் தள்ளி, எழுபத்திரண்டில், நாலு சுற்று ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று. கடைசி ஆளாக வந்து சேர்ந்த அந்த லோடுமேன் பையன் விஷயம் வெளியே வந்ததைப் பார்த்து முதலில் என்னை முறைத்தான். பிறகு எழுபத்திரண்டாம் மீட்டரில் நின்று பழைய கோட்டைப் பார்த்தான். "இவ்ளோ தூரமா? டேய், அப்ப நான் சோம்பேறி இல்லடா! மெய்யாலுமே இல்லடா!" என்று மைதானம் அதிரக் கத்தினான். "கத்தாத, வயசு இருந்தா மறுபடி ஓடு," என்றாள் இவள். அவனுக்கு ராணுவத்துக்கு வயது தாண்டிவிட்டது. ஆனாலும் மறுநாளிலிருந்து ஓட வந்தான், அவளுக்கு முன்னால் ஓடி இழுத்துக்கொண்டு போவதற்காக.

புதுக் கோட்டிலிருந்து முதல் நாள் ஓடியபோது கெடுவுக்கு இரண்டு நொடி பின்தங்கினாள். இடுப்பில் கை வைத்து நின்று, "இப்ப உண்மையான நேரம் தெரிஞ்சுதா? நல்லதாப் போச்சு," என்று தண்ணீர் குடித்தாள். இருபத்து மூன்று நாள் மீதி. கம்பெனியில் ஓவர்டைம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். விடியற்காலையில் ஒரு ஓட்டம், ஷிப்ட் முடிந்து ஒரு ஓட்டம். பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவாள். அவள் தலை விழுகிற பக்கத்தில் என் தோளை வைத்துக்கொண்டு வருவேன். ஒரு வாரம் நேரம் அசையவே இல்லை. எனக்குத்தான் நம்பிக்கை விட்டுப்போய், "ஆபீஸ் வேலை காகிதம் எங்க நிக்குதுன்னு விசாரிக்கட்டுமா?" என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "நீ டைம் மட்டும் பாரு" என்றாள். அதையும் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன்.

தேர்வு திருவள்ளூரில். நான் லீவு போட்டேன். சித்தப்பா மோர் பாட்டிலும் துண்டுமாகப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்களை உள்ளே விடவில்லை. மதில் சுவருக்கு வெளியே, காக்களூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற ஆட்களின் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்த ரோட்டோரம், மூன்று பேரும் நின்றோம். உள்ளே விசில் கேட்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு விசில். எந்த விசில் அவளுடையது என்று எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு விசிலுக்கும் சித்தப்பா சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவள் வெளியே வந்தபோது முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. நேராக வந்து மோர் பாட்டிலை வாங்கிப் பாதி குடித்தாள்.

"ஒரு செகண்டு மிச்சம்," என்றாள்.

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. "ஒண்ணு போதுமா?"

"போதும் மாமா. ஒண்ணு மிச்சம் இருந்தா யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதது நான்தான். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லும் வந்தது. 400 மீட்டர் என்று வெட்டியாயிற்று, இப்போது அது உண்மை. கல் வெட்டுகிறவர் வேலையை முடிக்கும் முன் சித்தப்பா தனியாகப் போய் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. பழைய கோட்டுப் பக்கத்தில் கல்லை நட்டு, மேலே போர்த்திய துணியை எடுத்தபோதுதான் எல்லோரும் பார்த்தோம். "இந்த 400 மீட்டர் ஓடுதளத்தை அமைத்தவர்" என்பதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்: "தோளில் மகளுடன் நடந்து அளந்தது."

அவள் பயிற்சிக்குப் போயிருந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா பாப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவார். பாப்பா ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டுதான் திரும்புவாள். பயிற்சி முடிந்து, பக்கத்து ஊர் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் காலையில் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவள் வாசலுக்கு வந்ததும், நாங்கள் பயந்ததுதான் நடந்தது. பாப்பா சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலைப் பிரிக்கவில்லை. அப்படியே குனிந்து உட்கார்ந்து, "சாயங்காலம் கோட்டாண்ட நில்லு. நான் அங்கதான் வருவேன்," என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எங்கள் கம்பெனி பஸ் ஆரன் அடித்தது. நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரல்கள் தாமாகவே விட்டன.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கே பாப்பா மைதானத்தில் பழைய கோட்டின்மேல் போய் நின்றுகொண்டாள். ஓட வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஆறு மணிக்கு மேல் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ நின்று காக்கி உடுப்பு இறங்கியது. பாப்பா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, அம்மா கிட்டே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"நாளைக்கும் போவியா?"

"போவேன்."

"வருவியா?"

"இதே எடத்துக்கு வருவேன்."

பாப்பா யோசித்தாள். "சரி. தொப்பிய குடு," என்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அது மூக்கு வரை இறங்கியது.